தெருவை மிரட்டும் அலங்காரம்

சென்னையில் புதுக் கார் வாங்குகிற பலருக்கும் பழகிப்போன ஒரு வழித்தடம் உண்டு. ஷோரூமிலிருந்து எடுத்த வண்டி முதலில் பல்லவன் சாலையிலுள்ள பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலுக்குப் போகும். பூஜை முடிந்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், அண்ணா சாலை வழியே வந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நிற்கும். கார் அலங்காரத்துக்குப் பெயர்போன கடைத்தெரு அது. சீட் கவர், தரை விரிப்பு, ஸ்பீக்கர், பின்பக்கக் கேமரா என்று உருப்படியான சாமான்கள் அங்கே நிறைய இருக்கின்றன. கூடவே முன்பக்கம் போல்ட் போட்டு முடுக்குகிற இரும்புக் கம்பி, கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. பல்பு, ஏர் ஹாரன், கறுப்பு சன் ஃபிலிம், பிளாஸ்டிக் ஸ்பாய்லர், வேறு கம்பெனியின் சின்னம் ஆகியவையும் கிடைக்கும். பல ஆண்டு ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் பிறகு தொழிற்சாலையில் உருவான ஒரு வாகனம், அரை நாள் வேலையில் ஆளே மாறி, மயிலாப்பூர் மாட வீதிக்கோ தி.நகர் உஸ்மான் சாலைக்கோ வந்து சேர்கிறது. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், என்ன ரசனையோ என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த முகச்சுளிப்போடு விட்டுவிட முடியாத அளவுக்கு இது பெரிய விஷயம்.

ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு அலங்கோலமாகத் தெரிவது இன்னொருவருக்கு அழகு. ஆகவே, கார் அலங்காரத்தை அழகை வைத்து மட்டும் எடைபோட்டால் வாக்குவாதம் முடியவே முடியாது. ஆனால், கார் வீட்டுக்குள் மாட்டிவைத்த படம் அல்ல. நடப்பவர், சைக்கிளில் போகிறவர், ஆட்டோ ஓட்டுநர், எதிரே வரும் இன்னொரு வாகனம் எல்லோரோடும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொண்டு ஓடும் ஒன்றே கால் டன் எடையுள்ள பொருள் அது. அதில் செய்கிற ஒரு மாற்றம், காருக்கு வெளியே இருப்பவரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பதில் தெளிவாகக் கிடைக்கும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் இன்னொன்றும் புலப்படும். நம் ஊரில் மிக மோசமான கார் அலங்காரங்கள் பெரும்பாலும் அழகுக்கான முயற்சியில் பிறந்தவை அல்ல. அதிகாரத்தில் இருப்பவர்களின் வண்டிகளைப் பார்த்து எடுக்கப்பட்ட நகல்கள் அவை.

இந்தியாவில் ஓடிய விசித்திரமான கார்களில் முதலிடம் கல்கத்தாவின் அன்னப்பறவைக் காருக்குத்தான். அங்கே வாழ்ந்த ராபர்ட் நிக்கோல் மேத்யூசன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், இங்கிலாந்தின் லோவ்ஸ்டாஃப்ட் நகரிலிருந்த புரூக் கம்பெனியிடம் சொல்லி 1910-ல் செய்வித்த கார் அது. முன்பாதி முழுக்க மரத்தில் செதுக்கிய அன்னம். இருட்டில் அதன் கண்கள் ஒளிரும். அலகிலிருந்து நீராவி சீறி, முன்னால் நிற்கும் கூட்டத்தை விலக்கும். பின்னாலிருந்து பறவையின் எச்சம்போல் சுண்ணாம்புக் கரைசல் தெருவில் விழும். அது வீதிக்கு வந்ததும் கலவரச் சூழல் உண்டாகி, போலீஸார் அதைத் தெருவில் ஓட்டக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பிறகு நாபா மகாராஜாவின் கைக்குப் போய், இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில் லவ்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அதைப் பார்க்கிறவர்கள் வியக்கிறார்கள், ஏனென்றால் அது நல்ல கைவேலை. கல்கத்தாத் தெருவில் அது ஏன் தொல்லையானது என்றால், எளிய மனிதர் முகத்தில் நீராவியை அடித்து வழி கேட்டதால். 100 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏர் ஹாரன் செய்வது அதே வேலையைத்தான்.

சென்னைக்கும் இதில் பழைய உறவு உண்டு. பாரி கம்பெனியின் இயக்குநர் ஏ.ஜே. யார்க் 1901-ல் அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து பாரிமுனைக்குக் காரில் போய்வந்ததாக நகர வரலாறு சொல்கிறது. 1840-ல் வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய சிம்சன் நிறுவனத்தில், சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். அந்தக் காலத்தில் பணக்காரர்கள் இன்ஜினும் அடிச்சட்டமும் மட்டும் வாங்கி, மேல்கூட்டைத் தங்கள் விருப்பப்படி பட்டறையில் கட்டிக்கொள்வது சாதாரணம். காரைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வது, இன்றைய அண்ணா சாலையான மவுண்ட் ரோட்டின் மரியாதையான கைத்தொழிலாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. அம்பாசிடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு என்று மூன்றே முகங்கள். அவற்றில் ஒன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெரு முழுக்க ஒரே மாதிரி வண்டி நிற்கும்போது தன் வண்டியைத் தனியாகக் காட்டிக்கொள்ள மனிதருக்குத் தோன்றத்தான் செய்யும். ஜன்னலுக்குத் திரை, இருக்கைக்குப் பூத்தையல் உறை, ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டு என்று அந்த ஆசை வெளிப்பட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்த பிறகு கார்களின் வகை பெருகியது. அலங்கார ஆசையோ குறையவில்லை, கடைகளோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது.

அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், கண்ணாடிக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கயிறு, முன்னால் கட்டிய படிகாரம் எல்லாம் ஒரு குடும்பம் தன் வண்டியோடு கொண்டிருக்கும் உறவைக் காட்டுபவை. தேரையும் வாகனத்தையும் அலங்கரித்து வீதியில் இழுக்கும் பழக்கமுள்ள ஊர் இது. பங்குனியில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தேரைப் பார்க்கத் திரளும் மக்களிடம் வாகனத்துக்கு அலங்காரம் எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. ஹைதராபாத்தில் சுதா கார் அருங்காட்சியகம் இருக்கிறது. கிரிக்கெட் மட்டை, பர்கர், பெண்களின் காலணி வடிவங்களில் ஓடக்கூடிய வண்டிகளை அங்கே கையாலேயே செய்து வைத்திருக்கிறார்கள். விசித்திரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் அவை காட்சிக்கானவை, யாரையும் ஒதுங்கச் சொல்வதில்லை. காரை உண்மையாகவே மாற்றியமைக்கும் வேலைக்கும் தமிழ்நாட்டில் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார்களை உருவாக்கி, சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தார். அந்தக் கார்கள் பந்தயத் தடத்தில் ஓடின, அதற்குரிய விதிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் கட்டுப்பட்டு ஓடின.

நகைப்புக்கு இடமான, ஆனால் பெரிதாகக் கெடுதல் செய்யாத மாற்றங்களும் உண்டு. சிறிய குடும்பக் காரின் டிக்கி மேல் பெரிய ஸ்பாய்லர் வைப்பது அவற்றில் ஒன்று. வேகமாக ஓடும் வண்டியின் பின்பகுதியைக் காற்றின் விசையால் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்காக வந்த அமைப்பு அது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 160 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் விசையில் பதினாறில் ஒரு பங்குதான் 40 கிலோமீட்டரில் கிடைக்கும். தி.நகர் தியாகராய சாலையில் 20 கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. அங்கே ஸ்பாய்லருக்குக் கூடுதல் எடையாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பானெட் மேல் ஒட்டும் பொய்க் காற்றுத் துளையும், சிறிய காரில் பதிக்கும் வெளிநாட்டுச் சொகுசுக் கார்ச் சின்னமும் இதே ரகம். வண்டியைத் தாழ்த்தி, சக்கரத்தை வெளியே பிதுங்கவைப்பவர்கள் மட்டும் சொந்தச் செலவில் துன்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். சென்னையின் வேகத்தடைகளும், ஒரு மணி நேர மழைக்கே குளமாகும் சாலைகளும் தாழ்ந்த வண்டியை மன்னிப்பதில்லை. பேரிங்கும் சஸ்பென்ஷனும் சீக்கிரம் தேயும். இவற்றைப் பார்த்து வருத்தப்படலாம், போலீஸைக் கூப்பிட வேண்டியதில்லை. டாஷ்போர்டில் ஒட்டிய கனமான சிலை மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. பயணி பக்கத்து ஏர்பேக் அந்தப் பலகையைப் பிளந்துகொண்டுதான் விரியும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரிவதால், அதன்மேல் இருக்கும் பித்தளைப் பிள்ளையார் நேராக முகத்துக்குத்தான் வருவார். சிலையைச் சற்று நகர்த்தி, ஏர்பேக் மூடிக்கு அப்பால் வைத்தால் பக்திக்கும் குறைவில்லை, உயிருக்கும் குறைவில்லை.

முன்பக்க இரும்புக் கம்பிக்கு வருவோம். புல் பார், கிராஷ் கார்டு, பம்பர் கார்டு என்று கடைக்குக் கடை பெயர் மாறும். காட்டு விலங்குகள் குறுக்கே பாயும் நெடுந்தொலைவுச் சாலைகளுக்காக ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பரவிய சாமான் அது. அடையாறு எல்.பி. சாலையில் அதற்கு என்ன வேலை? இன்றைய காரின் முன்பகுதி வேண்டுமென்றே நசுங்கும்படி வடிவமைக்கப்பட்டது. மோதலின்போது அந்தத் தகடுகள் மடங்கிச் சுருங்குவதால்தான் வேகம் படிப்படியாகக் குறைகிறது, உள்ளே இருப்பவரின் உடம்புக்கு அதிர்ச்சி குறைகிறது. வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது என்பதைச் சென்சார்கள் அளந்துதான் ஏர்பேக்கை விரிக்கின்றன. அடிச்சட்டத்தோடு நேரடியாக முடுக்கிய இரும்புக் கம்பி இந்த இரண்டு ஏற்பாட்டையும் குலைக்கிறது. நசுங்க வேண்டிய பகுதியைத் தாண்டி அடியை நேரே சட்டத்துக்குக் கடத்துகிறது. சென்சாரின் கணக்கு தப்பினால் ஏர்பேக் தாமதமாக விரியலாம், விரியாமலே போகலாம், தேவையில்லாத சின்ன இடிக்கும் விரியலாம். ஆக, பாதுகாப்புக்கென்று பணம் கொடுத்து வாங்கிய கம்பி, ஏற்கெனவே காரின் விலையில் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை அழிக்கிறது.

இது உள்ளே இருப்பவரின் கதை. வெளியே இருப்பவரின் கதை இன்னும் கொடியது. பானெட்டும் பிளாஸ்டிக் பம்பரும் ஓரளவு விட்டுக்கொடுக்கும்படி செய்யப்படுவது, அடிபடும் பாதசாரியின் தலைக்கும் தொடைக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்பதற்காகவும்தான். உயரமான எஸ்.யு.வி.யின் முன்னால் இரும்புக் குழாயை மாட்டினால், பெரியவருக்கு இடுப்பிலும், பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு நெஞ்சிலோ தலையிலோ அது இடிக்கும். மயிலாப்பூர் மாட வீதிகளில் நடைபாதையிலேயே கடைகள், கோயிலுக்கு வரும் முதியவர்கள், பூக்கட்டும் பெண்கள். மெதுவாக ஓடும் வண்டி தட்டினாலும் அங்கே எலும்பு முறியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இந்தக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை, அகற்றுங்கள் என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றது. சென்னை நெரிசலில் ஆட்டோவும் பைக்கும் உரசிக்கொண்டு போவதால் பம்பரைக் காப்பாற்ற இது வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. பம்பர் கீறினால் பெயின்ட் அடிக்கலாம், உடைந்தால் புதுசு மாட்டலாம். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதற்காகத் தெருவில் நடப்பவரின் எலும்பைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வெளிச்சமும் சத்தமும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஹெட்லைட்டின் உள்ளே இருக்கும் வளைந்த கண்ணாடி, பல்பின் இழை மிகச் சரியாக எந்த இடத்தில் எரியும் என்பதைக் கணக்கிட்டு வடிவமைக்கப்படுகிறது. ஹாலஜன் பல்புக்காகச் செய்த கூட்டில் மலிவான எல்.இ.டி. பல்பை மாட்டினால் ஒளி பிறக்கும் இடமே மாறிவிடும். டிம் போட்டாலும் வெளிச்சம் கட்டுக்குள் நிற்காமல் எதிரே வருபவரின் கண்ணுக்குச் சிதறும். ஓட்டுகிறவருக்குச் சாலை பளிச்சென்று தெரிவதுபோல் இருக்கும், ஆனால் அவருக்கு எதிரே ஸ்கூட்டரில் வருபவர் சில விநாடிகள் குருடாகிறார். வயதானவர்களின் கண் அந்தக் கூச்சத்திலிருந்து மீளக் கூடுதல் நேரம் எடுக்கும். ஹாரன் விஷயத்தில் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டது. பல சுரங்களில் ஒலிப்பதும், காதைத் துளைக்கும் கீச்சொலியோ பேரொலியோ எழுப்புவதும் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி போன்ற சில பணி வாகனங்களுக்கு மட்டும்தான் தனி ஒலி உண்டு. ஏர் ஹாரனோ சைரன் போன்ற ஹாரனோ வைத்த தனியார் கார் ஒவ்வொரு தடவை ஒலிக்கும்போதும், உண்மையான ஆம்புலன்சின் குரலுக்குத் தெருவில் இருக்கும் மதிப்பு கொஞ்சம் குறைகிறது. திரும்பிப் பார்த்து வழிவிட்டு ஏமாந்தவர், அடுத்த முறை திரும்பிப் பார்க்கத் தயங்குவார். அந்த அடுத்த முறை வருவது நோயாளியாக இருக்கலாம்.

கறுப்பு ஃபிலிமைப் பற்றிய வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சென்னை வெயில் கொடுமை. மே மாதத்தில் மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ திறந்த வெளியில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு அது தெரியும். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில், முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியைக் கடத்த வேண்டும், மேலே எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று சொன்னது. பிறகு விதி திருத்தப்பட்டதை வைத்து, அதே 70, 50 அளவுக்குள் இருந்தால் ஃபிலிமை அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் கூறியது. ஒட்டலாமா கூடாதா என்பதில் சட்டம் நகர்ந்துகொண்டிருந்தாலும், எவ்வளவு வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்ற அளவு மாறவில்லை. வெப்பத்தைக் குறைப்பது அதன் கறுப்பு நிறம் மட்டுமே அல்ல. வெளிச்சத்தை விட்டுவிட்டு, வெப்பத்தைச் சுமந்துவரும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் இருக்கிறது. வெயிலுக்காக மட்டும் ஒட்டுகிறவருக்கு அதுவே போதும். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியக் கூடாது என்பதற்காக ஒட்டுகிறவருக்குத்தான் கன்னங்கரேல் வேண்டியிருக்கிறது. இரவில் பக்கக் கண்ணாடி வழியே சைக்கிள்காரரைப் பார்க்க முடியாமல் போவது அந்த மறைவுக்குக் கொடுக்கும் விலை. அந்த விலையையும் சைக்கிள்காரர்தான் கொடுக்கிறார்.

இந்தக் கம்பி, இந்தக் கண்ணாடி, இந்த ஹாரன் எல்லாம் ஒரே வண்டியில் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. அமைச்சர்களின், கட்சிப் பிரமுகர்களின் வாகன வரிசையைப் பார்த்துப் பார்த்து மக்கள் கற்றுக்கொண்ட தோற்றம் அது. ஒரு காலத்தில் அந்த வரிசையின் மகுடம் சிவப்புச் சுழல் விளக்கு. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மிக உயர்ந்த பதவிகளோடு நிறுத்தச் சொன்னது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அதை எல்லோருக்குமே எடுத்துவிட்டது. விளக்கு போனது, மற்ற அடையாளங்கள் தங்கிவிட்டன. அரசு வண்டிகளுக்குரிய ‘அ’ எழுத்தும் ‘ஜி’ எழுத்தும் தனியார் வண்டியில் ஏறின. பிரஸ், போலீஸ், வக்கீல், டாக்டர், ஆர்மி என்று ஸ்டிக்கர்கள் நம்பர் பிளேட்டுக்கே வந்தன. சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் 2024 ஏப்ரல் கடைசியில் எச்சரித்து, மே 2 முதல் நடவடிக்கை எடுத்தது இதற்காகத்தான். அவசரத்துக்கு ஓடும் மருத்துவர்கள் தங்களுக்கு விலக்கு வேண்டும் என்றார்கள். அந்தக் கோரிக்கை பரிசீலிக்க வேண்டியதுதான், ஆனால் எவரும் இருபது ரூபாய்க்கு வாங்கி ஒட்டக்கூடிய ஸ்டிக்கர் அதற்குத் தீர்வாகாது. கட்சிக்கொடிக் கம்பமும் தலைவர் படமும் தனி அத்தியாயம். 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வாகனங்களில் உள்ள பெரிய தலைவர் படங்களையும் கொடிகளையும் அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. தெருவில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத் தேர்தல் காலத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவர் பயன்படுத்திய டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசிடர் இன்றும் நிற்கிறது. நம்பரைப் பார்த்தே மக்கள் அடையாளம் கண்டுகொண்ட கார் அது. மக்கள் நேசிக்கும் தலைவருக்கு மிரட்டும் வண்டி தேவைப்பட்டதில்லை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். ரசனை கெட்டது என்று சொல்வதே மேட்டிமைப் பேச்சு, மயிலாப்பூர்க்காரரும் அடையாறுக்காரரும் சாதாரண உழைப்பாளியின் ஆசையைக் கேலி செய்வதற்குக் கண்டுபிடித்த சொல் அது என்பார்கள். அழகைப் பற்றி மட்டும் பேசினால் அந்த மறுப்பு வெல்லும். ஆனால், புல் பார் மாட்டிய வண்டிகள் எவை என்று பாருங்கள். பதினைந்து, இருபது, நாற்பது லட்ச ரூபாய் எஸ்.யு.வி.கள். ஆட்டோ ஓட்டுநர் தன் வண்டியின் பின்னால் எழுதிவைக்கும் வாசகமும், லாரிக்காரர் வரைந்துவைக்கும் தாமரையும் கிளியும் யாரையும் இடிப்பதில்லை. கலைப்பார்வையிலும் அவை இந்த இரும்புக் குழாயைவிட எத்தனையோ மடங்கு மேலானவை. தெருவில் நடப்பவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், சைக்கிளில் பால் போடுகிறவர் ஆகியோர்தான் இந்த அலங்காரத்தால் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். அவர்கள் சார்பாகக் கேட்கும் கேள்வியை மேட்டிமை என்று தள்ள முடியாது.

என் பணம், என் வண்டி என்பது அடுத்த வாதம். சட்டம் இதை ஏற்பதில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. ஆனாலும், சட்டத்தின் மேல் ஒரு குறை சொல்லியாக வேண்டும். உயிரைப் பறிக்கும் இரும்புக் கம்பியையும், உள்ளூர்ப் பையன் ஆசையாக மாட்டிய அலாய் வீலையும் அது ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கிறது. ஜெர்மனியில் வேறு வழி. சோதித்து அனுமதி பெற்ற உதிரிபாகத்தைத் தாராளமாக மாட்டலாம், மற்றதை ஆய்வு மையத்தில் காட்டி வண்டிப் பத்திரத்தில் பதிந்துகொள்ளலாம், பதியாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே பறிபோகும். நம்மிடம் வசதி இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே உலகத் தரமான வாகன ஆராய்ச்சி, சோதனை மையம் இருக்கிறது. நல்ல மாற்றத்துக்கு அரசே வழிகாட்டவும் முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசு ஆண்டுதோறும் வழங்குகிறது. ஒருவரின் சுதந்திரத்தை விரிக்கும் மாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இந்தத் தொழிலை நம்பியிருப்பவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் வேலை செய்கிறவர்கள் கைத்திறன் மிக்கவர்கள். டாஷ்போர்டு முழுவதையும் கழற்றி, ஒரு கீறல் இல்லாமல் திரும்ப மாட்டத் தெரிந்தவர்கள். அவர்களின் கை அனுமதியில்லாத சாமானில் வீணாகிறது. கம்பெனி வயரைச் சீவி, புது வயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கும் அவசர வேலையால் வாரண்டி போகிறது, மின்கசிவுக்கு வழி திறக்கிறது. பிறகு தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கக் காரணமும் கிடைக்கிறது. பின்பக்கக் கேமரா, பார்க்கிங் சென்சார், குழந்தை இருக்கை, பக்கவாட்டு ஏர்பேக்கை மறைக்காத சீட் கவர், சரியான ஹெட்லைட் சீரமைப்பு என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. இந்தக் கடைகளுக்கு உரிமமும் பயிற்சியும் கொடுத்து, அனுமதிபெற்ற சாமான்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், பிழைப்பும் கெடாது, தெருவும் பிழைக்கும்.

நடவடிக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கல்லூரி மாணவரின் பழைய சின்னக் காரை மடக்கி ஸ்பாய்லருக்கு ரசீது எழுதுவது எளிது. அது முதலில் வர வேண்டியதில்லை. தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயம், ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமையகம், தி.நகர் கமலாலயம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலேயே இருக்கும் சத்தியமூர்த்தி பவன் ஆகிய நான்கு கட்சித் தலைமையகங்களும் சில கிலோமீட்டருக்குள் அடங்குபவை. கட்சித் தலைமைகள் தங்கள் வளாகத்துக்குள் நுழையும் எந்த வண்டியிலும் இரும்புக் கம்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஏர் ஹாரனும் இருக்கக் கூடாது என்று ஓர் அறிவிப்பை வாசலில் ஒட்டினால் போதும், ஆறு மாதத்தில் தமிழ்நாடு முழுக்க அந்த மோகம் வடியும். தலைவரின் வண்டியில் இல்லாததைத் தொண்டர் மாட்டமாட்டார், தொண்டரின் வண்டியில் இல்லாததை ஊர்க்காரர் ஆசைப்படமாட்டார். அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இல்லை. உங்கள் வண்டியின் முன்னால் அந்தக் கம்பி இருந்தால், ஸ்பேனரோடு ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் கழற்றிவிடுவார். இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.